உண்ட உணவும் உடல் கொண்ட சத்தும்

விவிலிய நூலில் வரும் தானியேலின் வரலாற்றை நம்மிற் பலர் அறிவர். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட அவ்விளைஞனும் அவன் தோழர் மூவரும், அரசன் அளித்த உயர்ந்த உண்டியை மறுத்து, பத்து நாள் மரக்கறியும் தண்ணீருமே தமக்குப் போதும் எனக் கேட்டு வாங்கி உண்டனர். பத்து நாள் கழிந்தபின், அரண்மனை உணவு உண்டவரினும் அவர்களே முகப்பொலிவு மிக்கவராய்க் காணப்பட்டனர் என்பது அவ்வரலாறு. அது விசுவாசத்தின் வெற்றியைக் கூற வந்ததேயன்றி உணவு நூற் பாடமன்று. ஆயினும் அதனைப் படிக்கும் மாணவன் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. தாவர உணவையே பெரும்பாலும் உண்டு உடலை நன்கு பேண இயலுமா? இயலும் என்பதே உணவு நூல் வல்லார் கூறும் விடை. ஆனால் அவ்விடையோடு ஒரு நிபந்தனையும் உண்டு. எதனை உண்கிறோம் என்பதை மட்டுமன்றி, எதனோடு சேர்த்து உண்கிறோம் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அந்நிபந்தனையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உணவுப் பொருள்களில் அடங்கிய சத்துக்களை அளவிட்டுக் காட்டும் அட்டவணைகளை மாணவர் கண்டிருப்பர். நம் நாட்டில் இத்துறை ஆராய்ச்சி நீலகிரியிலுள்ள குன்னூரில் வளர்ந்தது. ராபர்ட் மக்காரிஸன் என்னும் மருத்துவ அறிஞர் 1918-ல் அங்குத் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாய் விளங்குகிறது. அந்நிறுவனத்தின் அட்டவணையை நோக்கின், 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டென்று காண்போம். அதே அளவு பசும்பாலில் உள்ளது 120 மில்லிகிராம் அளவேயாம். எனவே பாலினும் கேழ்வரகு மும்மடங்கு சிறந்தது என ஒருவர் முடிவு கட்டலாம். அட்டவணையிற் பிழையில்லை, முடிவிலேதான் பிழை உளது. அட்டவணை கூறுவது உணவில் உள்ள சத்தை. உடல் கொள்ளும் சத்தையன்று. இரண்டுக்கும் இடையே சிறுகுடல் என்னும் வாயில் ஒன்று இருக்கிறது.

அவ்வாயிலைக் கடக்க ஒரு சத்துக்கு மூன்று நிலைகள் வாய்த்தல் வேண்டும். முதலாவது, தாவரத்தின் உயிரணுச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும் அச்சத்து வெளிப்படவேண்டும். இரண்டாவது, அது குடல் நீரிற் கரைந்து நிற்கவேண்டும். மூன்றாவது, குடற்சுவர் அதனை ஏற்கத் தக்க வடிவில் அது இருத்தல் வேண்டும். உடன் உண்ணும் பொருள்கள் இம்மூன்றிலும் தலையிடுகின்றன. சில, சத்தைக் கட்டிவைப்பன. சில, கட்டை அவிழ்ப்பன. சில, சத்தைச் சுமந்து செல்வன. கட்டுவன, அவிழ்ப்பன, சுமப்பன என்னும் இம்மூவகையை நினைவில் இருத்திக்கொண்டால் இப்பாடம் முழுவதும் எளிதில் விளங்கும்.

இரும்புச் சத்து

முதற்கண் இரும்பை எடுத்துக்கொள்வோம். பிராணவாயுவை உடலெங்கும் கொண்டுசெல்லும் ஹீமோகுளோபினின் நடுவே அமைந்திருப்பது இரும்பு. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வு, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர் எனக் கண்டது. சோகைக்குக் காரணங்கள் பலவாயினும் இரும்புக் குறைவு அவற்றுள் முதன்மையானவற்றில் ஒன்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், மாலைக்குள் உடல் தளர்வதும், பாடத்தில் மனம் நில்லாமையும் சோம்பல் என்றே ஏசப்படுகின்றன. பல வேளைகளில் அவை சோம்பல் அல்ல, சோகையேயாம்.

உணவிலுள்ள இரும்பு இருவகைத்து. மாமிசத்திலும் மீனிலும் உள்ளதில் ஒரு பகுதி ஹீமோகுளோபின் முதலியவற்றோடு பிணைந்திருப்பது. அதனைக் குடல் எளிதில் ஏற்கும். கீரை, தானியம், பருப்பு ஆகியவற்றில் உள்ளது மற்றொரு வகை. இரைப்பையின் அமிலத்தில் இது கரையும். ஆனால் சிறுகுடலை அடைந்து அமிலம் தணிந்தவுடன் துருவைப்போன்று கரையா நிலையை எய்த முற்படும். இவ்விடத்தில் உதவிக்கு வருவது வைட்டமின் சி. அது இரும்பைக் குடல் ஏற்கத்தக்க வடிவுக்கு மாற்றுகிறது. மேலும் அதனைப் பற்றிக்கொண்டு கரைந்த நிலையிலேயே நிறுத்துகிறது. ஆகவே இஃது அவிழ்ப்பதும் சுமப்பதுமாகிய இரு தொழிலையும் செய்வதாகும்.

இதனை அளந்து காட்டிய சோதனை ஒன்றுண்டு. கதிரியக்கமுள்ள இரும்பைச் சிறிதளவு உணவிற் கலந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்துக் குருதியில் அது எவ்வளவு சேர்ந்துள்ளது என்று பார்த்தால், உடல் ஏற்ற பங்கு தெரியவரும். அமெரிக்க நாட்டில் குக், மான்சன் என்னும் இருவர் 1977-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே உணவோடு வைட்டமின் சி-யை 25 மில்லிகிராம் முதல் 1,000 மில்லிகிராம் வரை படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தனர். உடல் ஏற்ற இரும்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கிலிருந்து ஏழு பங்குவரை உயர்ந்தது. ஆயிரம் மில்லிகிராம் என்பது நாம் ஒரு வேளையில் உண்ணும் அளவன்று. ஆயினும் நெறி தெளிவாயிற்று. நெல்லிக்காய், கொய்யாப்பழம், எலுமிச்சை ஆகியவற்றை நாம் இக்கண்கொண்டு பார்த்தல் வேண்டும். அவற்றை உணவோடேயே உண்ணவேண்டும் என்பதும் முக்கியம். காலையில் தின்ற கொய்யா, இரவு உணவிலுள்ள இரும்புக்கு அத்துணை உதவாது. வைட்டமின் சி வெப்பத்தால் அழியுமாதலின், எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிவதே நன்று.

இனி, கட்டுவன யாவை எனக் காண்போம். அவற்றுள் நமக்கு மிகவும் பழக்கமானது தேநீர். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின் முதலிய பொருள்கள் இரும்போடு கூடிக் கரையாத கலவையாகின்றன. தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர் 1975-ல் இதனை ரொட்டியிலும், அரிசி உணவோடு உருளைக்கிழங்கு வெங்காயச் சாறு சேர்ந்த உண்டியிலும் சோதித்துக் காட்டினர். 1983-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, ஒருவேளை உணவோடு ஒரு கோப்பை தேநீர் அருந்தினால் இரும்பு ஏற்பு நூற்றுக்கு 64 பங்கும், காப்பி அருந்தினால் 39 பங்கும் குறைந்ததெனக் கண்டது. அதனினும் பயனுள்ள செய்தி யாதெனில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் காப்பி அருந்தியபோது யாதொரு குறைவும் நேரவில்லை. உண்ட ஒரு மணி நேரம் கழித்து அருந்தியபோதோ, உணவோடு சேர்த்து அருந்தியபோது நேர்ந்த அதே குறைவு நேர்ந்தது. உண்ட உணவு அதற்குள் வயிற்றைவிட்டு முற்றும் நீங்கியிராது என்பதை எண்ணினால் இதன் காரணம் புலப்படும். ஆகவே சாப்பாடு முடிந்தவுடன் தேநீர்க் கடையை நாடும் மாணவர், அங்குச் செல்லும் நேரத்தை மாற்றிக்கொள்ளுதல் நலம்.

தவிட்டிலுள்ள தடை

தானியங்களின் தவிட்டிலும், பருப்பு வகைகளிலும், எள், நிலக்கடலை போன்ற வித்துக்களிலும் பைட்டிக் அமிலம் என்னும் பொருள் உண்டு. முளைவிடும் இளஞ்செடிக்கு வேண்டிய பாஸ்பரஸை வித்து சேமித்து வைக்கும் களஞ்சியம் அது. செடிக்கு நன்மையாகிய அப்பொருள், இரும்பு, துத்தநாகம், சுண்ணாம்பு ஆகியவற்றைக் கட்டிப்பிடிக்கும் இயல்புடையது. மனிதக் குடலில் அக்கட்டை அவிழ்க்கும் ஆற்றல் மிகவும் குறைவு.

இவ்வுண்மை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் பெரிதும் ஆராயப்பட்டது. கோதுமை ஏற்றிவந்த கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டமையால், உள்ள கோதுமையைத் தவிடு மிகுதியாய்க் கழிக்காமல் அரைத்து ரொட்டி செய்யவேண்டிய நிலை அந்நாட்டுக்கு ஏற்பட்டது. அப்பொழுது மக்கான்ஸ், எல்ஸி விட்டோஸன் என்னும் இரு அறிஞர்கள் வெள்ளை ரொட்டியையும் பழுப்பு ரொட்டியையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1942-ல் முடிவுகளை வெளியிட்டனர். பழுப்பு ரொட்டியில் தாதுச் சத்துக்கள் மிகுதி. ஆயினும் அதனை உண்டபோது சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்றது குறைவாகவே இருந்தது. பழுப்பு ரொட்டியிலிருந்து பைட்டிக் அமிலத்தை நீக்கிப் பார்த்தனர், ஏற்பு உயர்ந்தது. வெள்ளை ரொட்டியில் அவ்வமிலத்தின் உப்பைக் கூட்டிப் பார்த்தனர், ஏற்பு தாழ்ந்தது. இங்ஙனம் இருபுறமும் சோதித்துக் காரணத்தை உறுதிசெய்த முறை, அறிவியல் பயிலும் மாணவர் அனைவரும் கருத்திற் கொள்ளத்தக்கது. இதன் பயனாக அந்நாட்டு மாவில் சுண்ணாம்புக் கூட்டுப்பொருளைக் கலக்கும் வழக்கம் அப்போர்க்காலத்திலேயே சட்டமாயிற்று.

இதனினும் உள்ளத்தை உருக்கும் வரலாறு ஈரான் நாட்டினின்று கிடைத்தது. பீகாரிலுள்ள பக்ஸரில் 1928-ல் பிறந்த ஆனந்த பிரசாத் என்னும் மருத்துவர் 1958-ல் ஷிராஸ் நகருக்குச் சென்றார். அங்கு இருபத்தொரு வயதுடைய ஒருவர் அவரிடம் நோயாளியாக வந்தார். பார்வைக்கு அவர் பத்து வயதுச் சிறுவனாகவே இருந்தார், வளர்ச்சி நின்றிருந்தது, பருவ மாறுதல்கள் தோன்றவில்லை, கடுஞ்சோகையும் இருந்தது. புளிக்கவைக்காத கோதுமை ரொட்டியே அவருடைய பெரும்பான்மை உணவு, மாமிசம் இல்லை, மண் தின்னும் வழக்கமும் இருந்தது. அப்பகுதியில் இவரைப் போன்றார் வேறு சிலரும் காணப்பட்டனர். சோகைக்கு இரும்புக் குறைவு காரணம் என்பது சரி. வளர்ச்சி நின்றதற்குக் காரணம் யாது? துத்தநாகக் குறைவாக இருக்கலாம் என்னும் கருத்தை அவரும் அவருடன் உழைத்தோரும் 1961-ல் வெளியிட்டனர். மனிதருக்குத் துத்தநாகக் குறைவு நேரும் என்பதையே பலர் அந்நாளில் நம்பவில்லை. பின்னர் எகிப்து நாட்டில் இத்தகைய நோயாளரிடம் நடத்திய ஆராய்ச்சிகளால் அஃது உறுதிப்பட்டது. துத்தநாகம் கொடுக்கப்பட்டவர் வளரலாயினர். அவர்கள் உண்ட ரொட்டியில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. ரொட்டியிலிருந்த பைட்டிக் அமிலமும், தின்ற மண்ணும் அதனைக் கட்டிவைத்தன என்பதே அறிஞர் கண்ட விளக்கம்.

புளிக்கவைத்தலும் முளைகட்டுதலும்

அப்படியாயின் தவிட்டையும் பருப்பையும் விலக்கிவிடலாமோ எனின், அது பொருந்தாது. பூட்டு எங்கே உண்டோ அங்கேயே திறவுகோலும் உண்டு. வித்தினுள்ளேயே பைட்டேஸ் என்னும் நொதிப்பொருள் அமைந்திருக்கிறது. முளைவிடும் காலத்தில் அது பைட்டிக் அமிலத்தைச் சிதைத்துச் செடிக்கு உணவாக்கும். ஊறவைத்தலும், முளைகட்டுதலும், புளிக்கவைத்தலும் அந்நொதிக்கு வேலை கொடுக்கும் முறைகளேயாம். மாவு புளிக்கையில் பெருகும் நுண்ணுயிர்களும், அவற்றால் உண்டாகும் அமிலமும் அவ்வேலைக்குத் துணைசெய்கின்றன. ஐரோப்பியர் புளித்த மாவினால் ரொட்டி சுடுவதும் இவ்வகையினதே.

நம் வீடுகளில் அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்து இரவு முழுவதும் புளிக்கவைத்து இட்டலி செய்கின்றனர். கம்பையும் கேழ்வரகையும் கூழாக்கிப் புளிக்கவைத்து உண்கின்றனர். பயறு முளைகட்டப்படுகிறது, அவ்வாறு முளைவிடுகையில் வைட்டமின் சி புதிதாய்த் தோன்றுவதும் உண்டு. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி வறுத்து அரைத்துக் குழந்தைகளுக்குக் கஞ்சியாக்குகின்றனர். இம்முறைகளைக் கண்டவர் பைட்டிக் அமிலத்தின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். சுவையும், எளிதிற் செரித்தலும், கெடாமையும் கருதியே செய்திருப்பர். ஆயினும் அவர்கள் செய்த வேலை ஆராய்ச்சிக் கூடத்தின் சோதனைக்கும் தாங்கி நிற்கிறது. நம் சமையலில் உள்ள வேறொன்றையும் இங்குக் குறிக்கலாம். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், வெங்காயமும் பூண்டும் தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றை எளிதில் வெளிப்படச் செய்கின்றன என்று 2010-ல் காட்டினர். இது மனிதரிடத்து அன்றிச் சோதனைக் குழாய்களில் செரிமானத்தைப் போலச் செய்து பார்த்த முடிவு என்பதையும் உடன் கூறிவிடல் கடமை.

கீரையும் சுண்ணாம்பும்

கீரைகளெல்லாம் ஒரே தன்மையன அல்ல. பாலக் என்னும் சீமைப் பசலையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஆனால் அதனுடன் ஆக்ஸாலிக் அமிலமும் மிகுதி. இரண்டும் கூடிக் கரையாத படிகமாகிவிடுகின்றன. ஹீனி, வீவர் முதலியோர் 1988-ல் அளந்தபோது, பாலிலுள்ள சுண்ணாம்பில் நூற்றுக்கு 28 பங்கை ஏற்ற உடல், அக்கீரையிலுள்ளதில் 5 பங்கையே ஏற்றது. இரண்டாண்டு கழித்து, ஆக்ஸாலிக் அமிலம் குறைந்த கேல் என்னும் முட்டைக்கோசு இனக் கீரையைச் சோதித்தனர். அதன் சுண்ணாம்பை உடல் ஏற்றது 41 பங்கு. பாலினும் அது மிகுதியே. ஆகவே பசுமை நிறம் ஒன்றையே கண்டு எல்லாக் கீரையையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. பல்வகைக் கீரைகளை மாற்றி மாற்றி உண்பதே தக்கது.

கரோட்டினும் கொழுப்பும்

இறுதியாகச் சுமப்பனவற்றைக் காண்போம். காரட், பூசணி, மாம்பழம், பப்பாளி, கீரைகள் ஆகியவற்றில் உள்ள கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. இவ்வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் தோன்றும். குறை முற்றினால் குழந்தைகளின் கண்ணொளியே அவிந்துவிடும். கரோட்டின் நீரிற் கரையாது, கொழுப்பிலே கரையும். உணவிற் கொழுப்பு இருந்தால்தான் பித்தநீர் தக்க அளவிற் சுரந்து, கரோட்டினை நுண்துளிகளில் ஏற்றிக் குடற்சுவருக்குக் கொண்டுசெல்லும். 2004-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், காரட், தக்காளி, கீரை கலந்த பச்சைக் காய்க்கலவையைக் கொழுப்பில்லாத குழம்போடு உண்டவர் உடலிற் கரோட்டின் ஏறக்குறைய ஏறவேயில்லை. எண்ணெய் சேர்த்து உண்டபோது நன்கு ஏறியது. மிகுந்த எண்ணெய் வேண்டுவதும் இல்லை. ஐதராபாத்தில் குழந்தைகளிடம் நடத்தி 1980-ல் வெளியிட்ட ஆய்வு, கீரையோடு 5 கிராம் கொழுப்பே போதுமெனக் காட்டிற்று. அது சிறுகரண்டி ஒன்றின் அளவேயாம்.

ஆயினும் எண்ணெய் ஒன்றே எல்லாம் செய்துவிடாது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், பாலூட்டும் தாய்மாருக்கு 12 வாரம் கீரையை வதக்கி நாள்தோறும் கொடுத்தும், அவர்களது வைட்டமின் ஏ நிலை உயரவில்லை என்று 1995-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. கரோட்டின் சேர்த்த பிஸ்கோத்தை உண்ட தாய்மாருக்கோ நன்மை கண்டது. இலையிலுள்ள கரோட்டின் உயிரணுக்களுக்குள்ளே புரதங்களோடு இறுகப் பிணைந்திருப்பதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. கனிகளில் அவ்விறுக்கம் குறைவு. மஞ்சட் கனிகள் கீரையினும் மிகுதியாய்ப் பயன்தந்தன என்பதையும் 1998-ல் அதே நாட்டிற் கண்டனர். 6 பங்கு கரோட்டின் ஒரு பங்கு வைட்டமின் ஏ-க்கு நிகர் என 1967-ல் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கொண்ட கணக்கை, 2001-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் 12 பங்காக மாற்றியது. கீரையின்மேல் நாம் வைத்த கணக்கு இங்ஙனம் ஒரே எழுத்தில் பாதியாயிற்று. எனவே கீரையை நுண்ணியதாய் நறுக்கி, மசித்து, நன்கு வேகவைத்து, எண்ணெய் சேர்த்து உண்ணவேண்டும். கூடவே பப்பாளியும் மாம்பழமும் வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

இவற்றையெல்லாம் படித்து யாரும் அஞ்சவேண்டுவதில்லை. உடல் உணர்வற்ற பாத்திரமன்று. மிகையான இரும்பை வெளியேற்றும் வழி உடலுக்கு இன்மையால், அது வாயிலிலேயே அளவை ஒழுங்குசெய்துகொள்கிறது என மேற்கூறிய மக்கான்ஸும் விட்டோஸனுமே 1937-ல் காட்டினர். இரும்பு குறைந்த உடல், குறையாத உடலினும் மிகுதியாக அதனை ஏற்கும். ஒருவேளை உணவிற் காணப்படும் பெரிய வேற்றுமைகள், பல நாள் கலந்துண்ணும் உணவில் அத்துணைப் பெரியனவாய்த் தோன்றுவதில்லை. போருக்குப்பின் ஜெர்மனியின் அநாதை இல்லங்களில் மெலிந்திருந்த குழந்தைகளுக்கு அவ்விருவரும் தவிடு மிகுந்த ரொட்டியும் குறைந்த ரொட்டியும் வெவ்வேறாகக் கொடுத்துப் பார்த்தபோது, எல்லாக் குழந்தைகளும் ஒத்தபடியே வளர்ந்தனர். தவிட்டிலே வேறு நன்மைகளும் உள. அதனை எறிந்துவிடுதல் பேதைமையாம். மேலும், சோகை முற்றியவர்க்கு எலுமிச்சம்பழம் மருந்தாகாது. அவர் மருத்துவரை நாடுதலே முறை.

ஆனால் எவர் உணவு ஒரே பொருளில் அடங்கிவிட்டதோ, அவர் நிலை வேறு. ஷிராஸ் நகரத்து இளைஞருக்கு ரொட்டி இருந்தது. ரொட்டிக்குத் துணை இல்லை. நம் நாட்டிலும் பல குடும்பங்களில் எல்லார்க்கும் பரிமாறியபின் கடைசியாக உண்பவள் தாய். சோறு அவளுக்கு எஞ்சியிருக்கும். கறியும், எண்ணெயும், பழமும் எஞ்சியிரா. பசி அடங்க உண்டும் அவள் சோகையோடு இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அவளுக்குக் கீரை மலிவானது என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர், பாதிப் பாடத்தையே சொன்னவராவர். கீரையோடு ஒரு கரண்டி எண்ணெயும், ஒரு பழமும் அவள் இலைக்கு எட்டுகின்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

ஆகவே இக்கல்லூரியிற் பயிலும் மாணவ மாணவியர் நினைவிற் கொள்ளத்தக்கவை இவை. பருப்பையும் கீரையையும் உண்ணும் வேளையிலேயே நெல்லி, கொய்யா, எலுமிச்சை இவற்றுள் ஒன்றையும் உண்ணுக. தேநீரையும் காப்பியையும் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக அருந்துக. பின்னர் அருந்துவதாயின் இரண்டொரு மணி நேரம் பொறுத்திருக்க. புளித்த உணவையும் முளைகட்டிய பயற்றையும் பழைமையென்று இகழாதிருக்க. கீரைக்கும் காரட்டுக்கும் சிறிது எண்ணெய் சேர்க்க. இவற்றுள் ஒன்றேனும் பெருஞ்செலவு வேண்டுவதன்று. விடுதியில் உணவுப் பட்டியல் வகுக்கும் பொறுப்பு மாணவரிடம் வரும்போது இதனை எண்ணிப்பார்ப்பார்களாக. விடுமுறைக்கு வீடு செல்லுங்கால், தாம் கற்றதைத் தம் தாயரிடமும் தங்கையரிடமும் கூறுவார்களாக. கூறுவதோடு நில்லாது, அன்று முதற் பந்தியிலேயே தாயையும் அமர்த்தி, அவள் இலையில் பழம் விழுந்ததா என்று பார்ப்பார்களாயின், இப்பாடத்தைக் கற்றதன் பயனை முழுதும் அடைந்தவராவர்.